கூலியும் சம்பள நாளும்: தோட்டப் புனைகதை வாசிப்பு குறித்து ஒரு மறுநோக்கு

மலேசியத் தமிழ்த் தோட்டப் புனைகதைகளைப் பயிற்றுவிக்கும்போது சம்பள நாள் என்பது பெரும்பாலும் ஓர் ஒழுக்கச் சிக்கலாகவே விளக்கப்படுகிறது. சம்பளம் பெற்றவன் கள்ளுக்கடைக்குச் செல்கிறான், மனைவி காத்திருக்கிறாள், குடும்பம் சிதைகிறது. மாணவர் விடைத்தாள்களிலும் ‘மதுவின் தீமை’ என்னும் கருப்பொருளே திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. இவ்வாசிப்பு முற்றிலும் பிழையன்று. ஆயினும், அவன் கையில் பெற்ற கூலி எத்தகையது, அதனை வரையறுத்தவர் யாவர் என்னும் வினாக்களை அஃது எழுப்புவதில்லை.

கூலி என்னும் சொல் பழமையானது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் (குறள் 619) வள்ளுவர், தெய்வத்தால் ஆகாதவிடத்தும் முயற்சி தன் வருத்தத்திற்குரிய பயனைத் தரும் என்னும் பொருளில் இச்சொல்லை ஆள்கிறார். அங்கு உழைப்புக்கும் கூலிக்கும் இடையே வேறொருவர் இல்லை. காலனிய ஆட்சியிலோ இச்சொல் பெறப்படும் பொருளை விட்டுப் பெறும் மனிதனுக்கே பெயராயிற்று. (ஆங்கில வழக்கிலுள்ள சொல், குஜராத்துக் ‘கோலி’ மக்களின் பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். சொல்லின் வேர் எதுவாயினும், தோட்டத் தமிழன் அதனைத் தன் மொழியின் சொல்லாகவே கேட்டான்.)

கங்காணி முறையில் ஊரிலேயே முன்பணம் பெற்றுக் கடனாளியாய்ப் புறப்பட்டோர் பலர். தன் ஆட்களுள் அன்றன்று வேலைக்கு இறங்கியோரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி தலைக்காசு பெற்றார். ஆகவே, ஒருவன் நோயுற்றுப் பெரட்டுக்கு வாராவிடில் அவன் கூலியோடு கங்காணியின் வருவாயும் குறைந்தது. நோயாளியைக் குடியிருப்பிலிருந்து எழுப்பி விரட்டும் கங்காணியைக் கதைகளில் காணும்போது, அவரைக் கொடியவர் எனக் கூறி அமைவது போதாது. அக்கொடுமைக்கு ஒரு கணக்கு உண்டு.

1920களின் இறுதியில் முதன்மையான தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக வரையறுக்கப்பட்டது. தொழிலாளி உண்பதற்கும் உடுப்பதற்கும் ஆகும் செலவுப் பட்டியலே இதற்கு அளவுகோலாயிற்று. ஆனால் ரப்பர் விலை சரிந்தபோது, 1930இல், அவை 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டன. விலை உயர்ந்தால் வயிற்றின் தேவை அளவுகோல். விலை வீழ்ந்தால் சந்தை அளவுகோல். பெண்ணின் வயிறு சிறிது என்று எவ்வாறு கண்டனரோ, அறியோம்!

கள்ளுக்கடையும் இக்கணக்கிற்குப் புறம்பானதன்று. அரசின் உரிமம் பெற்றுத் தோட்ட எல்லைக்குள்ளேயே அது நடந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபின், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் கேட்ட அதே பட்டியலில் கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையையும் தொழிலாளர் சேர்த்தனர். குடிகாரன் என்று நம் வகுப்பறைகள் ஒற்றைச் சொல்லில் முடிக்கும் அம்மனிதர் முன்வைத்த கோரிக்கை இது. பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியனவும் அப்பட்டியலில் உள்ளன. துரை எதிர்ப்படுகையில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிராத உரிமையும் உள்ளது. கூலியை இவற்றினின்று தனியே பிரித்து அவர்கள் எண்ணவில்லை.

தோட்டக் கதைகளோடு இப்பட்டியலையும் மாணவர் கையில் கொடுத்தல் வேண்டும். வேலைநிறுத்தம் படைகொண்டு ஒடுக்கப்பட்டது. அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார்.