கேள்வி ஞானமும் ஜி.என்.பி.யின் பிருகாக்களும்

மலேசியாவில், சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையே, இரயில் பாதையோரம் ரப்பரும் செம்பனையும் சூழக் கிடக்கும் லாபிஸில், மார்கழிக் கச்சேரிகளை நேரில் கேட்கும் பாக்கியமின்றி ஒலிப்பதிவுகளையே துணையாகக் கொண்டு கர்நாடக சங்கீதத்தில் தீராத மோகம் கொள்ளும் இளம் இரசிகர், குருவின்றித் தம் ஆர்வம் வீணாகுமோ என்று கலங்குவது இயல்பே. அவர் முதலில் கூர்ந்து கேட்க வேண்டிய வித்வான் ஜி. என். பாலசுப்பிரமணியம் என்பேன்.

1910-இல் பிறந்து, ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற ஜி.என்.பி., குருகுலவாசத்தில் உருவானவரல்லர். அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் கச்சேரிகளை ஓயாது கேட்டு, அவரை மானசீக குருவாக வரித்துக்கொண்டவர். 1928-இல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் முசிரி சுப்பிரமணிய ஐயர் பாட இயலாமற்போகவே, அவருக்குப் பதிலாக அந்தப் பதினெட்டு வயது இளைஞர் மேடையேறினார். டைகர் வரதாச்சாரியாரின் வழிகாட்டுதல் வாய்த்தது அதற்குப் பின்னரே.

அவருடைய சாரீரத்தின் வேகத்தைப் புகழாதவர் இல்லை. ஆயினும், ஓட்டக்காரரைக் கடிகாரத்தால் மட்டும் அளந்தால் அவர் கால் பதியும் நேர்த்தி புலப்படாததுபோல், வேகத்தை மட்டும் கேட்பவருக்கு ஜி.என்.பி. முழுமையாக அகப்படமாட்டார். எத்துணை துரிதமாகப் பிருகாக்கள் பொழிந்தாலும் ஒரு ஸ்வரம் மற்றொன்றோடு குழம்புவதில்லை. ஜீவ ஸ்வரங்களில் நின்று, இராகத்தின் எல்லையைப் படிப்படியாக விரித்து, தார ஸ்தாயியை எட்டிய பின்னும் சுருதியின் மையத்தை விட்டு விலகாத அந்த நிதானமே அவருடைய வித்வத்தின் உயிர்நிலை. இந்த நடையில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரச் சாயல் ஆழப் படிந்திருந்தது. ஆதலால், ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது எழும் நாகஸ்வர ஆலாபனையை, நெரிசலைப் பொருட்படுத்தாமல் அருகே நின்று கேட்கும் இளைஞர், அந்தப் பாணியின் ஊற்றுக்கண்ணையே தொடுகிறார்.

பிருகாக்களின் மிகுதியால் சில வேளைகளில் இராகத்திற்குரிய விச்ராந்தி குறைந்ததென்னும் விமரிசனத்தை நானும் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் கல்யாணியில் அவர் பாடிய ‘வாசுதேவயனி’யைக் கேட்கையில் அக்குறை எனக்குத் தோன்றியதே இல்லை. அதனை ஒருமுறை முழுவதுமாகவும், மறுமுறை அவர் மூச்செடுக்கும் இடங்களை மட்டும் கவனித்தும் கேட்டபின், அரியக்குடியின் பதிவொன்றைக் கேட்க வேண்டும். ஆசானின் மத்தியம காலக் கட்டுக்கோப்பில் எதனைச் சீடர் ஏற்றார், எதனைத் தம் குரலுக்கேற்ப மாற்றினார் என்பதை இவ்வாறு செவியாலேயே ஆராய்ந்த இளைஞர், குரு வாய்க்கும் நாளில், கேட்க வேண்டிய கேள்விகளோடு அவர் முன்னே அமரலாம்.