தந்தையின் வாயும் மகனின் பெயரும்: இரு புதினங்கள், ஓர் ஒப்பாய்வு

இறைப்பற்று மிக்க ஒருவருக்கு மகனாகப் பிறந்தவன், தந்தை வகுத்த வழியிலே செல்ல இயலாதபோது அவ்வீட்டில் என்ன நேரிடுகின்றது? இவ்வினா திருமறையைப் பயில்வோர்க்குப் புதியதன்று. ஈசாக்கின் கூடாரத்திலும் ஏலியின் இல்லத்திலும் தாவீதின் அரண்மனையிலும் இது எழுந்ததை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கப் புதினங்கள் இரண்டு இதே வினாவை இருவேறு சமயக் குழுக்களின் நடுவே வைத்து ஆராய்கின்றன. ஒன்று, ஜேம்ஸ் பால்ட்வின் 1953 இல் வெளியிட்ட 'கோ டெல் இட் ஆன் த மவுண்டன்'. மற்றொன்று, ஹாயிம் போட்டாக் 1967 இல் வெளியிட்ட 'த சோசன்'. 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்பது அதன் பொருள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது அருட்பணியாளர்க்கும் இறையியல் மாணவர்க்கும் பயன் தரும் என்பது நம் கருத்து.

1. இரு சிறு குழுக்கள்

இரு கதைகளும் நியூயார்க் நகரிலேயே நிகழ்கின்றன. ஆயினும் ஒன்றின் மக்கள் மற்றொன்றின் மக்களை அறியார். பால்ட்வின் காட்டுவது, ஹார்லம் பகுதியிலே முன்பு கடையாக இருந்த ஓர் இடத்தில் கூடும் கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபை. அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் கொடுமை ஒழியாத தென்மாநிலங்களை விட்டு வடக்கே குடிபெயர்ந்தோர் இவர்கள். 1906 இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசூசா தெருவிலே, அடிமைகளாயிருந்தோரின் மகனான வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதலின் கனல் இத்தகைய சபைகளிலே தொடர்ந்து எரிந்தது. இவர்கள் தங்களைப் பரிசுத்தவான்கள் என்று அழைத்துக்கொண்டனர். திரைப்படம், நடனம், மது ஆகிய யாவும் இவர்களுக்கு 'உலகம்'.

போட்டாக் காட்டுவது புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில் வாழும் ஹசிதிய யூதரை. பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவிலே பால் ஷெம் தோவ் என்பவர் தோற்றுவித்த பக்தி இயக்கத்தின் வழிவந்தோர் இவர்கள். இவர்களுடைய தலைவர் 'சாதிக்', அதாவது நீதிமான், எனப்படுவார். இறைவனுக்கும் மக்களுக்கும் நடுவே நிற்பவராகப் போற்றப்படும் அவருடைய பதவி, பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது.

இரு குழுக்களுமே வன்முறைக்குத் தப்பி வந்தவை. தம்மைச் சுற்றி மதில் எழுப்பியவை. அம்மதில் செருக்கினால் மட்டும் எழுந்ததன்று, காயத்தினாலும் எழுந்தது என்பதை இரு ஆசிரியர்களும் மறக்கவில்லை. இருவரும் உள்ளிருந்து அறிந்தவர்கள். பால்ட்வின் (1924-1987) பிரசங்கியார் ஒருவரின் வளர்ப்பு மகன். பதினான்கு வயது முதல் பதினேழு வயது வரை தாமே பிரசங்கித்தவர். பின்னர்ப் பிரசங்க மேடையை விட்டு அகன்றவர். போட்டாக் (1929-2002) வைதிக யூதக் குடும்பத்தில் பிறந்து, 1954 இல் ரபியாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். ஆகவே ஒருவர் வாயிலைக் கடந்து சென்றவர். மற்றவர் வாயிலை அகலமாக்க முயன்றவர். இவ்வேறுபாடு இரு நூல்களின் முடிவையும் பாதிக்கின்றது.

2. காபிரியேலின் சொல்

பால்ட்வினின் கதை 1935 மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தொடங்கி மறுநாள் காலையில் முடிகின்றது. அன்று ஜான் கிரைம்சுக்குப் பதினான்காம் பிறந்தநாள். அவன் தந்தை காபிரியேல் சபையின் தலைமை டீக்கன். இளமையில் கட்டுக்கடங்காமல் வாழ்ந்து, மனந்திரும்பி, தென்மாநிலத்திலே பெயர்பெற்ற பிரசங்கியாராக விளங்கியவர். தம் சந்ததி இறைவனால் முத்திரையிடப்பட்டது என்று ஒரு கனவினால் நம்பியவர். விசுவாசிகளின் மரபு அரச மரபு. அம்மரபு தம்மிடமிருந்து தொடங்கும் என்பது அவருடைய உறுதி.

ஆனால் முதல் மனைவி டெபோராளுக்குப் பிள்ளையில்லை. எஸ்தர் என்பவளிடம் பிறந்த மகனைக் காபிரியேல் தம் மகனென்று ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி சேமித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, அவளை ஊரைவிட்டு அனுப்பினார். அவளோ அக்குழந்தைக்கு 'ராயல்', அதாவது அரசகுலத்தான், என்று பெயரிட்டாள். அது காபிரியேல் தம் வாக்குத்தத்த மகனுக்கென்று நினைத்திருந்த பெயர்! அம்மகன் பின்னர்ச் சிகாகோவில் கொல்லப்பட்டான். டெபோராளும் இறந்தபின் காபிரியேல் வடக்கே வந்து, கைக்குழந்தையோடு நின்ற எலிசபெத்தை மணந்து, அக்குழந்தையைத் தம் குழந்தையாகவே நேசிப்பேன் என்று வாக்களித்தார். அக்குழந்தையே ஜான். தான் காபிரியேலின் மகனல்லன் என்பது ஜானுக்குத் தெரியாது. தான் வெறுக்கப்படுவது மட்டும் தெரியும்.

காபிரியேலின் வாயில் எந்நேரமும் வேதவசனம் உண்டு. அவ்வசனம் வீட்டிலுள்ளோர்க்கு அப்பமாகாமல் பிரம்பாகின்றது. அச்சனிக்கிழமை அவருடைய சொந்த மகன் ராய் கத்திக்குத்துப்பட்டு வருகின்றான். அவர் மனைவியை அறைகின்றார். தன்னைச் சபித்த ராயை வாரினால் அடிக்கின்றார். தமக்கை புளோரென்சு அவ்வாரைப் பற்றிப் பிடித்த பின்னரே ஓய்கின்றார். எந்த மகனிடம் வாக்குத்தத்தம் நிறைவேறும் என்று நம்பினாரோ, அவன் அவரை இகழ்கின்றான். எவனை அவர் கணக்கில் வைக்கவில்லையோ, அவனே அன்றிரவு ஆலயத் தரையிலே விழுந்து, இருளினூடே சென்று, விடியும்போது மீட்கப்பட்டவனாக எழுகின்றான். மாம்சத்தின் பிள்ளைகள் வேறு, வாக்குத்தத்தத்தின் பிள்ளைகள் வேறு என்று பவுலடியார் ரோமருக்கு எழுதியதை இப்பகுதியைப் படிப்போர் நினையாதிரார்.

அக்காலையில் ஜான் தன் மீட்பைத் தந்தையிடம் சான்றாகக் கூறுகின்றான். காபிரியேல் அவனைத் தழுவவில்லை, முகம் மலரவுமில்லை, வாயால் சொன்னதை வாழ்விலே காட்ட வேண்டும் என்ற அளவில் பேசி நிறுத்துகின்றார். ஜானின் நெற்றியில் பரிசுத்த முத்தமிடுபவன் எலிசா என்னும் இளைஞன். வீட்டிலே மறுக்கப்பட்ட ஆசி தெருவிலே கிடைக்கின்றது.

3. ரெப் சாண்டர்சின் மௌனம்

போட்டாக்கின் கதை 1944 ஜூன் மாதத்தில் இரு யூதப் பள்ளிகளுக்கிடையே நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் தொடங்குகின்றது. டேனி சாண்டர்ஸ் அடித்த பந்து ரூவன் மால்டரின் கண்ணைக் காயப்படுத்துகின்றது, பகைமை நட்பாகின்றது. டேனியின் தந்தை ரெப் சாண்டர்ஸ் ஒரு சாதிக். ரஷ்யாவிலே யூதர்மீது நிகழ்ந்த கொலைவெறியில் மனைவியையும் மக்களையும் இழந்து, எஞ்சிய தம் சபையாரை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர். டேனியே அவருக்குப்பின் சாதிக் ஆக வேண்டியவன்.

இத்தந்தை தம் மகனிடம் பேசுவதில்லை. தல்மூத் படிக்கும்போது மட்டும் இருவரிடையே சொல் உண்டு. ஓய்வுநாள் உரையிலே தந்தை வேண்டுமென்றே ஒரு பிழை செய்வார்; சபையார் முன்னிலையில் மகன் அதைக் கண்டு சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் மௌனம். டேனியோ பொதுநூலகத்திலே மறைவாகப் பிராய்டின் நூல்களைப் படிக்கின்றான். உளவியலைத் தன் வாழ்க்கைப் பணியாகக் கொள்ள விரும்புகின்றான். அந்நூலகத்திலே அவனுக்கு நூல்களைத் தெரிந்து கொடுத்தவர் ரூவனின் தந்தை டேவிட் மால்டர் என்பது பின்னர்த் தெரியவருகின்றது.

மௌனத்தின் காரணம் நூலின் இறுதியில், பஸ்கா நாளில், வெளிப்படுகின்றது. தந்தை ரூவனை முன்னிறுத்திப் பேசுகின்றார், அச்சொற்கள் டேனிக்கானவை. டேனி நான்கு வயதில் ஒரு கதையைப் படித்துவிட்டு மனப்பாடமாக ஒப்புவித்தான். கதையில் வந்தவனின் துன்பத்திற்காக இரங்கவில்லை. இவ்வளவு பெரிய அறிவோடு இரக்கமற்ற உள்ளம் சேர்ந்துவிட்டதே என்று தந்தை நடுங்கினார். பிறர் வலியை அறியச் செய்வதற்காக, மகனை மௌனமாகிய வலிக்குள் விட்டார். அவரும் தம் தந்தையால் அவ்வாறே வளர்க்கப்பட்டவர். இவற்றைச் சொல்லி முடித்தபின், மகன் தமக்குப்பின் அப்பதவியில் அமரமாட்டான் என்பதை ஏற்கின்றார்; அவன் உலகம் முழுவதற்கும் நீதிமானாக இருப்பான் என்கின்றார். இறுதியில் மகனை நேர்முகமாகப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, மன்னிப்புக் கேட்கின்றார். தாம் ஞானமுள்ள தந்தையல்லர் என்றும் ஒப்புக்கொள்கின்றார்.

4. நிறையும் குறையும்

மேலோட்டமாக நோக்குவோர் பேசிய தந்தை கொடியவர், பேசாத தந்தை நல்லவர் என்று தீர்த்துவிடக்கூடும். நாம் அவ்வாறு தீர்க்கத் துணியோம். சாண்டர்சின் மௌனமும் கொடுமையே. ஓர் ஆன்மாவுக்காகச் செலுத்தப்பட்ட விலை எத்தனை பெரிது என்னும் கருத்துப்பட மால்டர் வருந்துவது கவனிக்கத்தக்கது. வேறு வழி காணாவிட்டால் தன் மகனையும் இவ்வாறே வளர்ப்பேன் என்று டேனி கூறுவது அதனினும் அச்சம் தருவது. போட்டாக் தந்தைக்கு ஒரு நீண்ட உரையை அளித்து முடிச்சை அவிழ்த்துவிடுகின்றார். பல ஆண்டுகளின் புண் ஒரு பிற்பகலின் உரையால் ஆறிவிடுமா என்னும் ஐயம் நம்மிடம் எஞ்சுகின்றது.

பெண்களின் நிலையிலும் பால்ட்வினே ஆழமானவர். டேனியின் தாய் நோயுற்றவராய், ஏறக்குறையச் சொல்லற்றவராய் வந்து போகின்றார். அவன் தங்கைக்குப் பெயரும் இல்லை. பால்ட்வினோ நூலின் நடுப்பகுதியைப் 'பரிசுத்தவான்களின் ஜெபங்கள்' என வகுத்து, காபிரியேலின் ஜெபத்துக்கு முன்னும் பின்னும் புளோரென்சின் ஜெபத்தையும் எலிசபெத்தின் ஜெபத்தையும் அமைக்கின்றார். ஜானைப் பெற்ற தந்தை ரிச்சர்டு செய்யாத திருட்டுக்காகப் பிடிக்கப்பட்டு, அடிக்கப்பட்டு, விடுதலையான பின் தன்னுயிரை மாய்த்துக்கொண்டதை நாம் எலிசபெத்தின் ஜெபத்திலேதான் அறிகின்றோம். வீட்டுக்குள் தந்தை ஓங்கும் கை, வீட்டுக்கு வெளியே ஓங்கப்பட்ட கைகளின் தொடர்ச்சி என்பதும் அங்கேயே விளங்குகின்றது. காரணம் விளங்குவதால் குற்றம் நீங்குவதில்லை. பால்ட்வின் காபிரியேலை மன்னித்து விடுவதுமில்லை, அவருடைய கண்ணீரை மறைப்பதுமில்லை.

எனினும் ஒரு செய்தியில் போட்டாக்கின் நூலே நமக்கு மிகத் தேவையானது. சமயத் தலைவர் ஒருவர் தம் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதை அது காட்டுகின்றது. அத்தகைய காட்சி இலக்கியத்திலும் அரிது. நம் இல்லங்களிலும் அரிது.

இரு தந்தையரின் அடிப்படைப் பிழை ஒன்றே. தம் மரபு தொடர்வதையும் இறைவனின் வாக்குத்தத்தம் தொடர்வதையும் அவர்கள் ஒன்றாக எண்ணினர். சாண்டர்ஸ் இரண்டும் வேறென்று காலந்தாழ்த்தேனும் கண்டார். காபிரியேல் காணவில்லை.

5. சகரியாவின் எழுத்துப்பலகை

பால்ட்வின் தம் மாந்தர்க்குச் சூட்டிய பெயர்களை மீண்டும் நோக்குக: காபிரியேல், எலிசபெத், யோவான் எனப்படும் ஜான். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் நம் நினைவுக்கு வருகின்றது. அவ்வதிகாரத்திலுள்ள முக்கியமான ஒருவர் இப்புதினத்தில் இல்லை. அவரே சகரியா, தந்தையாகிய ஆசாரியர். போட்டாக்கின் நூலிலோ வாய் கட்டப்பட்ட சமயத் தலைவர் இருக்கின்றார். இரு நூல்களையும் இணைத்துப் படிக்கும்போது சகரியாவின் கதை முழுமையாக நம் முன் நிற்கின்றது. இவ்விணைப்பை இரு ஆசிரியர்களும் எண்ணினர் என்று நாம் வாதிடவில்லை. திருமறையைக் கையிலேந்திப் படிப்போர்க்கு இது புலனாகின்றது என்றே கூறுகின்றோம்.

சகரியாவின் வாய் எப்போது திறந்தது? குழந்தை பிறந்தபோது அன்று. எட்டாம் நாளில் அயலாரும் சுற்றத்தாரும் தந்தையின் பெயரையே பிள்ளைக்கு இட முனைந்தனர். தாய் மறுத்தார். உறவின்முறையில் அப்பெயருள்ளோர் ஒருவருமில்லை என்று அவர்கள் வழக்காடினர். சகரியா எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி, யோவான் என்னும் பெயரை எழுதினார். அப்போதே அவர் நாவின் கட்டு அவிழ்ந்தது. தம் பெயரைத் தாங்காத மகனை இறைவனின் கொடையாக அவர் ஏற்றுக்கொண்ட கணமும், அவருக்குப் பேச்சுத் திரும்பிய கணமும் ஒன்றே. அம்மகனோ தந்தையைப்போல் முறைப்படி தூபங்காட்டும் ஆசாரியனாக வாழவில்லை, வனாந்தரத்திற்குச் சென்றான்.

ஆயர்கள் தம் பிள்ளைகளை ஊழியத்திற்கென்று நேர்ந்துகொள்வது நம் நடுவில் உள்ள வழக்கம். அதை நாம் பழிக்கவில்லை, அன்னாளும் நேர்ந்துகொண்டவரே. ஆயின் நேர்ந்துகொள்ளுதல் இறைவனிடம் ஒப்படைத்தலாகும். நம் பெயரை ஒருவன்மேல் எழுதுதல் ஆகாது. இறையியல் கல்விக்கு வரும் இளைஞருள் சிலர் தந்தையின் கனவைச் சுமந்து வருகின்றனர். வேறு சிலர் அக்கனவைச் சுமக்க மறுத்ததனால் வீட்டிலே பேச்சற்றுப் போகின்றனர். இவ்விரு வகையினரையும் நாடிச் செல்லும் ஆயர், அறிவுரை கூறுமுன் எலிசாவின் முத்தத்தை நினைவுகூர்வாராக.

தந்தையராகிய ஆயர்க்கும் ஒரு சொல் உண்டு. பிரசங்க மேடையிலே நம் வாய் திறந்தேயிருக்கின்றது. நம் வீட்டு மேசையருகே அது கட்டுண்டிருக்குமாயின், சகரியாவைப்போல் எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்குவோமாக. நம் பிள்ளைக்கு இறைவன் தந்த பெயரை நம் கையாலேயே எழுதுவோமாக.