எலிக்கு அந்த ஆசை இல்லை

"விட முடியாதவனுக்கு மூளையையாவது காப்பாற்றித் தருவோமே." புகைப்பவர்களுக்கென்று விற்கப்படும் மூலிகை கேப்சூல்களுக்கு இப்போது சொல்லப்படும் நியாயம் இது. மஞ்சள், நெல்லிக்காய், திராட்சை விதை, கிரீன் டீ எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் எலி ஆய்வு நிற்கிறது.

அந்த ஆய்வுகள் பொய் என்று நான் சொல்லவில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004 வாக்கில் வந்தவை கவனமான வேலை. எலியின் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி. நிகோடினை வாரத்துக்கு 5 நாள் ஊசியாகப் போட்டு, கூடவே மஞ்சளிலுள்ள குர்குமினையும் 80 மி.கி. புகட்டி, 22 வாரம் நடத்தினார்கள். நுரையீரலில் ஆக்சிஜனேற்றச் சிதைவு குறைந்தது. பிறகு பல நாடுகளில் இதே வார்ப்பில் மூளையையும் ஆராய்ந்தார்கள். வேதியியலில் எனக்குச் சண்டை இல்லை. குர்குமின் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வதே பெரும்பாடு என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். மிளகின் பைப்பரின் அதற்குக் கைகொடுக்கும் என்று பெங்களூரில் 1998-லேயே காட்டிவிட்டார்கள்.

என் மறுப்பு வேறு. பல வருடமாகச் சொல்லிவருவது. ஊசி இல்லாத அந்த இரண்டு நாளில் எலி என்ன செய்தது? தவித்ததா, தேடியதா? அதை எழுதிவைக்க அந்த அட்டவணையில் கட்டமே இல்லை. எவ்வளவு நிகோடின் என்பதை எலி முடிவு செய்வதில்லை. ஆய்வாளர் முடிவு செய்கிறார். பீடி குடிப்பவர் விஷயத்தில் முடிவு செய்வது நிகோடினால் ஏற்கெனவே மாறிப்போன அவருடைய மூளை. இழுத்த புகையின் நிகோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளைக்குப் போய் அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் உட்காருகிறது, டோபமின் சுரக்கிறது. பழகப் பழக அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடுகிறது. காலையில் எழுந்ததும் கை தீப்பெட்டியைத் தேடுவது அதனால்தான். நிகோடின் மூளைக்குச் செய்யும் முதல் தீங்கு இது. இதை அளக்காமல், கொழுப்புச் சிதைவையும் நொதிகளையும் மட்டும் அளந்துவிட்டு, "மூளைக்குப் பாதுகாப்பு" என்று பெயர் வைப்பது தவறு.

அந்தப் பெயர் ஆய்வுக்கூடத்தோடு நிற்பதும் இல்லை. எங்கள் பெரியப்பா ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் வைத்துக்கொண்டே, "அதான் தினம் நெல்லிக்காய் ஜூஸ் குடிக்கிறேனே" என்பார். அவர் விடாமலிருக்க அந்த ஜூஸ் காரணம் கொடுத்தது. எலிக்கு இப்படி ஒரு சாக்குத் தேவைப்படுவதில்லை.

பாதுகாப்புத் தருவோம் என்று கிளம்பிய நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பின்லாந்து சாட்சி. 1985-ல் தொடங்கிய சோதனையில் 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டின், கேரட்டுக்கு நிறம் தரும் அதே பொருள். அதற்கு முன் ஆய்வுக்கூடமும் உணவுக் கணக்கெடுப்புகளும் அதை வாழ்த்தியே பேசின. 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்த சோதனையை 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள்: நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் அதிகம். நுரையீரல் வேறு, மூளை வேறு என்பார்கள். சரி. அப்படியானால் புகைக்கும் மனிதர்களிடம், இதே அளவில், மூளைக்காகச் சோதித்துக் காட்டட்டும். அதுவரை விற்க வேண்டாம். எலியைக் காட்டி மனிதனிடம் காசு வாங்குவதை என்னால் மருத்துவம் என்று ஏற்க முடியவில்லை.

செடியிலிருந்துதான் மருந்து வேண்டுமென்றால் சைட்டிசின் இருக்கிறது. லபர்னம் மர விதையில் கிடைப்பது. பல்கேரியாவில் 1960-களிலிருந்து மாத்திரையாகப் புழங்குவது. அது நிகோடின் அமரும் அதே ஏற்பியில் போய் அமர்ந்து தவிப்பைத் தணிக்கிறது. வார்சாவில் 740 பேரிடம் நடத்திய சோதனை 2011-ல் வெளியானது. 25 நாள் மாத்திரை எடுத்தவர்களில் 8.4 சதவீதம் பேர் ஓராண்டு புகைக்காமல் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.4 சதவீதம். சிறிய எண்தான். ஆனால் விட்டேன் என்று வாயால் சொன்னதை அங்கே யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை; ஊதச் சொல்லி, மூச்சில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று பார்த்தார்கள்.