கேர்து பாதிரியாரும் வேதபுரீசர் திருக்கோயிலும்

புதுவை நகரின் வடபாற் கடற்கரையில் குருசுக்குப்பம் என்று ஒரு பகுதி உளது. குருசு என்பது போர்த்துக்கீசியர் வாயிலாகத் தமிழிற் புகுந்த சொல். சிலுவை என்பது அதன் பொருள். குப்பம் என்பது நெய்தல்நில மக்கள் உறையும் சிற்றூர்க்கு நம்மவர் வழங்கும் பெயர். இவ்விரண்டும் ஒட்டி ஒரு பெயராய் நின்று, எவர்க்கும் உறுத்தலின்றி நாள்தோறும் வழங்கிவருகின்றன. சொற்கள் எளிதிற் கலந்துவிடுகின்றன. அவற்றைக் கொண்டுவந்த மக்களும் அவர்தம் கொள்கைகளும் இந்நகரில் அத்துணை எளிதிற் கலந்தாரல்லர். குருசுக்குப்பத்தினின்று தெற்கு நோக்கிச் சென்று நகரினுட் புகின், சம்பா கோயில் எனப்படும் கத்தோலிக்க ஆலயத்தைக் காணலாம். அவ்விடத்துப் பழைய தேவாலயத்தை அடுத்து 1748-ஆம் ஆண்டுவரை வேதபுரீசுவரர் திருக்கோயில் நின்றது. இன்று ஈசுவரன் கோயில் தெருவில் நாம் சென்று வழிபடுவது பிற்காலத்தே வேறிடத்தில் எடுப்பிக்கப்பெற்ற கோயிலாகும்.

அப்பழைய கோயிலின் அழிவோடு ஒரு பாதிரியார் பெயர் பிணைந்து கிடக்கின்றது. அவர் காசுத்தோன் லொரான் கேர்து என்னும் இயேசு சபைத் துறவி. இவரைப்பற்றி உலவும் எழுத்துக்கள் இரு திறத்தன. ஐரோப்பிய மொழிநூலார் எழுதுவனவற்றில் இவர், சமற்கிருதத்திற்கும் இலத்தீன் கிரேக்கங்கட்கும் உள்ள உறவினை வில்லியம் சோன்சு துரைக்கு முன்னரே கண்ட பேரறிஞர். நம்மவர் எழுதும் கண்டனங்களில் இவர், சம்மட்டி ஏந்திச் சிவலிங்கத்தை உடைத்தவர். முன்னையோர் பெரும்பாலும் சம்மட்டியைச் சொல்லார். பின்னையோர் பெரும்பாலும் மொழியாராய்ச்சியைச் சொல்லார். ஒருவரையே இருவராக்கிப் பேசும் இம்முறை எமக்கு உடன்பாடன்று. இரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்கின் யாது புலனாம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

கேர்து 1691-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துப் பூர்ழு நகரிற் பிறந்தார். 1715-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1732-இல் இந்நாட்டிற்கு வந்தார். தெலுங்கு நாட்டிலும் புதுவையிலும் ஊழியஞ்செய்து 1779-இல் புதுவையிலேயே உயிர்நீத்தார். ஏறக்குறைய நாற்பத்தேழு யாண்டு! வந்த காலத்திருந்த வீறு பின்னர் அவர் கூட்டத்தார்க்கு இல்லை. 1761-இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றி நகரை இடித்துத் தள்ளியபோது அவர்தம் தேவாலயமும் தரைமட்டமாயிற்று. 1773-இல் உரோமாபுரியிலிருந்தே இயேசு சபை கலைக்கப்பட்டது. தாம் உறுப்பாயிருந்த சபையே உலகில் இல்லையாகிய பின்னும் அம்முதியவர் இந்நகரில் ஆறாண்டு வாழ்ந்தார். இவ்வாழ்வினை ஊதியம் கருதிய வாழ்வென்று எவரும் கூறவொண்ணாது.

அவர் கற்றவாறு வியக்கத்தக்கது. 1742-ஆம் ஆண்டில் அவர் தம் நாட்டவர்க்கு எழுதிய கடிதம் ஒன்று நம் நாட்டுச் சித்திரச் சீலைகளைப் பற்றியது. கடுக்காயை எருமைப்பாலிற் கூட்டித் துணிக்கு ஊட்டுவதும், படிகாரம் இடுவதும், சாயவேரால் செந்நிறம் ஏற்றுவதும் முறை பிறழாது அதில் விரிக்கப்பட்டுள்ளன. இவற்றை அவர் நூலிற் கண்டு எழுதவில்லை. சாயத்தொழில் செய்து பின் தம்மிடம் ஞானத்தீக்கை பெற்றவர்களைப் பலகாலும் உசாவி, அவர் சொல்லியதை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதினார். கடுக்காய், சாயவேர் என்னும் தமிழ்ப்பெயர்களையும் அவ்வாறே பெய்தார். ஐரோப்பியர் நம் சீலைத்தொழிலின் மறையை அறிந்து தம் நாட்டிற் செய்யத் தலைப்பட்டமைக்கு இக்கடிதமும் ஒரு வழியாயிற்று; நெசவாளர் குடிகட்கு அதனால் நேர்ந்தது வேறு கதை.

மொழியாராய்ச்சிக் கடிதம் 1767-இல் எழுந்தது. பாரிசு நகரத்துப் புலவர் கழகத்தைச் சார்ந்த பார்த்தெலமி என்பார்க்கு அதனை விடுத்தார். தானம், விதவை முதலிய வடசொற்களை இலத்தீன் சொற்களோடு நிறுத்தி, எண்ணுப்பெயர்களையும் 'இருத்தல்' என்னும் வினையின் உருக்களையும் ஒப்புநோக்கி, இவ்வொற்றுமை வாணிகத்தாலோ கடன்கோடலாலோ வந்ததாகாது, ஒரு மூலத்தினின்று பிறந்தமையாலேயே வந்ததென்று துணிந்தார். இத்துணிபு பெரிது. ஆயின் அதற்கு அவர் காட்டிய காரணம் விவிலியத்துப் பாபேல் கோபுரக் கதையும், நோவாவின் மகன் யாப்பேத்தின் வழியினர் பரவிய வரலாறுமேயாம். கண்டது புதிது, அதனை இட்டுவைத்த பெட்டி பழையது. அக்கடிதம் அச்சேறியது 1808-இல், அவர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டு கழிந்த பின்னர். அதற்கிடையே 1786-இல் சோன்சு துரை கல்கத்தாவிற் பேசிய பேச்சு உலகறிந்ததாகிவிட்டது.

இந்துக்களின் ஒழுக்க வழக்கங்களைப்பற்றி அவர் எழுதியதற்கு நேர்ந்தது இதனினும் இரங்கத்தக்கது. 1792-இல் வந்து முப்பதாண்டுக்கு மேல் இந்நாட்டில் நம் உடையுடுத்துத் திரிந்த துபுவா பாதிரியார், ஒரு நூலைச் சென்னைக் கும்பினியார்க்கு விற்றார். அது 1816-இல் ஆங்கிலத்தில் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. மாக்சு முல்லரும் 1897-ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முகவுரைக்குறிப்பு எழுதினார். அந்நூலிற் பெரும்பகுதி கேர்துவின் கையெழுத்துநூலினின்று எடுத்தது என்பதை, தெவோ என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர் 1777-இல் தொகுத்துவைத்த படியொன்றைக் கொண்டு சில்வியா மூர் என்னும் பெண்மணி 1987-இல் நிறுவினார். பிறர் உழைப்பைத் தம்பெயரில் விற்ற துபுவா, ஊர் திரும்பியபின் இந்துக்களைக் கிறித்தவராக்குதல் இயலாத செயலென்று 1823-இல் கடிதங்கள் வெளியிட்டதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி 1748-ஆம் ஆண்டுச் செய்திக்கு வருவோம். துய்ப்ளேக்சு துரையின் துபாசியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பே இதற்குச் சான்று. ஆங்கிலேயர் பொஸ்கவன் தலைமையில் நகரை முற்றுகையிட்டிருந்த செப்தம்பர் மாதத்தில், போர்க்கலக்கத்திடையே, கோயிலை இடிக்கும் ஏற்பாடு முடிந்தது. அதற்கு முன்னரே அரைநூற்றாண்டாக இயேசு சபையார் அக்கோயிலை அகற்றுமாறு அதிகாரிகளை வேண்டிவந்தனர். ஊரார் திரண்டு நின்றமையால் அஃது ஈடேறாதிருந்தது. இம்முறை துரையின் மனைவியார் துணைநின்றார். படைவீரர் காவல் நிற்ப, எட்டாம் நாள் காலையில் மதிலிடித்தல் தொடங்கிற்று. கேர்து பாதிரியார் சம்மட்டியோடு வந்து இலிங்கத்தைக் காலால் உதைத்து உடைத்தார் என்றும், ஏனைத் திருவுருவங்களையும் உடைக்கப் பணித்தார் என்றும் நாட்குறிப்பு கூறுகின்றது. அங்கு நிகழ்ந்த பிறவற்றை எழுதவும் சொல்லவும் தம்மால் ஆகவில்லை என்று பிள்ளை வருந்துகின்றார்.

இச்சான்றை எவ்வளவு கொள்ளலாம்? கோயில் இடிபட்டமை ஐயத்திற்கு இடமற்றது. பாதிரியார் கைச்சம்மட்டியோ பிள்ளையின் எழுத்தொன்றையே பற்றி நிற்பது. பிள்ளை துரைத்தனத்து ஊழியர். நகரத்துக் கிறித்தவத் தலைவர்களோடு பதவி பற்றிய போட்டியும் அவர்க்கிருந்தது. எனினும் அந்நாட்குறிப்பு பிறர் கண்ணிற் படுதற்கென்று எழுதப்பட்டதன்று. தம் தலைவராகிய துரையைக் குறைகூறும் பகுதிகளும் அதில் உள. அவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னர், 1846-இல் அன்றோ அது வெளிப்பட்டது! பொய் புனைந்து யாரை நம்புவிக்க அவர் எழுதியிருத்தல் கூடும்? ஆதலின் உரையளவையாகக் கொள்ளத் தக்கதென்பதே எம் துணிபு. அச்செயலுக்கு ஒரு புறக்காரணமும் இருத்தல் கூடும். பொட்டு, சந்தனம் முதலிய நாட்டு வழக்கங்களுக்கு இடங்கொடுத்தனர் என்று இயேசு சபையார்மீது அவர் மதத்தாரே குற்றஞ்சாட்டினர். 1704-இல் புதுவையிலேயே துர்நோன் என்னும் பாப்பரசர் தூதர் அவ்வழக்கங்களை விலக்கினார். 1744-இல் பாப்பரசர் அவ்விலக்கினை உறுதிசெய்தார். தம் பற்றினை மெய்ப்பிக்கும் நெருக்கடி அவர்கட்கு நேர்ந்திருந்தது எனக் கருத இடமுண்டு. காரணம் கூறுதல் வேறு, பொறுத்தல் வேறு என்க.

ஈண்டு எம்முடைய அளவுகோலைக் கூறவேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரைச் சுபக்கத்தில் தொடங்கவில்லை. உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகளையும், அவ்வவர் தம் வாயாற் கூறுமாறே முதலில் எடுத்தோதி, அதன்பின் மறுக்கின்றார். மாற்றான் கொள்கையை அவனே ஒப்புமாறு சொல்லவல்லவனே அதனை மறுத்தற்குரியன் என்பது இதனாற் பெறப்படும். இக்கோலை கேர்துவின்மேல் வைத்துப் பார்க்கலாம். துணியின் நிறத்தை அறிய அவர் சாயக்காரரை உசாவினார். சொல்லின் பிறப்பை அறிய வடநூல் வல்லாரிடம் கற்றுத் தெலுங்கு, பிரெஞ்சு, சமற்கிருதம் என மும்மொழியகராதி தொகுத்தார். வேதபுரீசர் திருமுன் நின்ற அடியாரொருவரை, நீ வழிபடுவது யாது என்று உசாவி, அவர் விடையை விடையாகவே எழுதிவைத்தாரல்லர். மெய்கண்ட நூல்களின் பக்கத்தை எடுத்தோதிய மேனாட்டார் வரிசையில் அவர் பெயர் இல்லை.

உசாவியிருப்பின் அவர் கேட்டிருக்கக்கூடியது இது: கல்லையே கடவுளென்று சைவன் கூறுகின்றானல்லன். எங்கும் நிறைந்து மறைந்து நிற்கும் இறைவன் மந்திரத்தாலும் அன்பினாலும் ஓரிடத்தே விளங்கித் தோன்றுகின்றான். அருவமும் உருவமும் அல்லாத அருவுருவத் திருமேனியே இலிங்கம். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு வழிபடுமாறு விதிப்பது இக்கருத்துப்பற்றியே. இவ்விடையை அவர் ஒப்பியிருக்க வேண்டுவதில்லை, வலிய மறுப்பெழுதியிருக்கலாம். மறுப்பினை நாம் அஞ்சுவேமல்லேம். விடை கேளாமலே ஓங்கிய கை அவர்தம் கல்வியின் எல்லையைக் காட்டுகின்றது. அக்கல்வி, பொருளை அணுகுமளவும் நுண்ணியது. பொருளின் வாயிலை எய்தியவுடன் கண்மூடிக்கொள்வது. 1748-உம் 1767-உம் ஒன்றற்கொன்று முரணென்று கூறுவோர்க்கு எம் விடை இதுவே: இரண்டிலும் ஒரே மனம் தொழிற்படுகின்றது. வடசொல்லின் உறவைக் கண்டவுடன் அதனை யாப்பேத்தின் வழிக்குள் அடக்கிய மனமே, இலிங்கத்தைக் கண்டவுடன் விவிலியம் விலக்கிய விக்கிரகம் என்று அடக்கியது. முன்னதனால் எவர் நெஞ்சும் புண்படவில்லை.

அக்காலத்து ஐரோப்பியர் எல்லாரும் அங்ஙனமே என்று சிலர் அமைதி கூறுவர். அதே புதுவையில் அதே காலத்தில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கராகிய மரிதாசுப் பிள்ளை 1769-இல் பாகவதத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1788-இல் அது பாரிசில் அச்சாயிற்று. தம் மதத்தை அவர் விட்டிலர். பிறர் புராணத்தை அப்புராணத்தின் சொல்லாலேயே பேசவிட்டார். எனவே காலத்தின்மேல் பழி போடுதல் சாலாது. ஐரோப்பியப் பாதிரியார்க்கு அது கூடாததோ எனின், யாழ்ப்பாணம் விடை தரும். வட்டுக்கோட்டைச் செமினரியில் தலைமைபூண்டிருந்த ஓய்சிங்தன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றனையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். அம்மொழிபெயர்ப்பிற் பிழைகள் உள. தத்துவப்பெயர்கட்கு அவர் இட்ட ஆங்கிலச் சொற்கள் பல பொருந்தா. ஆயினும் மெய்கண்டாரைக் கடல்கடந்த நாட்டிற் பேசவிட்டவர் அவர். அதற்குச் சின்னாள் முன்னரே, அதே யாழ்ப்பாணத்தில், ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலியத்தைத் தமிழாக்கத் துணைசெய்து அந்நூலை வரிவரியாக அறிந்திருந்தார். பின்னர் அவர் எழுதிய சைவ தூஷண பரிகாரம் விவிலியத்தின் சொற்களையே எடுத்துக்காட்டிப் பாதிரிமார்க்கு விடையிறுக்கின்றது. ஓய்சிங்தனார் மொழிபெயர்ப்பு அமெரிக்கக் கீழ்நாட்டுக் கழகத்தின் வெளியீட்டில் வந்ததும், நாவலர் நூல் அச்சேறியதும் 1854 என்னும் ஒரே ஆண்டில்.