காட்டு வழிக்கு ஒரு துணைநூல்
றொபேட் நொக்ஸின் நூல் பற்றிய ஒரு நோக்கு

காட்டில் நடப்பதையும் கூடாரமிட்டுத் தங்குவதையும் விரும்புவோர் தொகை இன்று பெருகியுள்ளது. அத்தகையோருக்கென, காட்டில் உயிர் பிழைக்கும் வழிகளைக் கற்பிக்கும் நூல்கள் ஆங்கிலத்திற் பலவாக வெளிவந்துள்ளன. தீ மூட்டுதல், நீர் தேடுதல், திசையறிதல் என அவை முறைகளை வகுத்துக் கூறுவன. எனினும், அவற்றுட் பல குளிர் நாட்டுக் காடுகளை மனத்திற்கொண்டு எழுந்தவை. பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வன்னிக் காட்டில் நடக்க விழைவோனுக்கு எந்நூலைப் பரிந்துரைக்கலாம் என்று வினவின், கைந்நூல் என்ற பெயரையே தாங்காத பழைய நூலொன்றைச் சுட்டுதல் தகும். 1681 இல் இலண்டனில் வெளிவந்த, இலங்கைத் தீவைப் பற்றிய றொபேட் நொக்ஸின் நூலே அது.

1660 இல் கொட்டியாரக் குடாவிற் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டபோது நொக்ஸ் பத்தொன்பது வயது இளைஞர். கப்பற்றலைவரான அவர் தந்தையார் மறு ஆண்டிற் சிறையிருப்பிலேயே இறந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி நாட்டில் வாழ்ந்த நொக்ஸ், ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் 1679 இல் அநுராதபுரத்திலிருந்து ஆற்றுவழியே காட்டினூடு நடந்து, ஒக்ரோபர் 18ஆம் நாள் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் தமிழர் அருவியாறு என்றும் வழங்கும் ஆறே அவருக்கு வழிகாட்டிற்று. நூலின் நான்கு பகுதிகளுள் நாடு, அரசன், மக்கள் பற்றிய முதல் மூன்றையுமே வரலாற்றாசிரியர் பெரிதும் எடுத்தாள்வர். காட்டு வழிச் செல்வோர் கற்க வேண்டியதோ நான்காம் பகுதியாகும்.

இப்பகுதியின் முதற்சிறப்பு, தப்பியோடிய சில நாள்களைவிட அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அது தரும் முதன்மையாகும். நொக்ஸும் றட்லண்டும் சில்லறை வணிகராகப் பொதி சுமந்து ஆண்டுதோறும் வடக்கு நோக்கிச் சென்றனர். ஊர்களையும் காவல் நிலைகளையும் பாதைகளையும் சிறிது சிறிதாக அறிந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளிற் கிணறுகள் வற்றியமையால் திரும்பவும் நேர்ந்தது. இறுதிப் பயணத்தில் மான் வற்றல் வாங்க வந்தோர் எனச் சொல்லி ஐயத்தைத் தவிர்த்தனர். பின்னர் அவர்கள் காட்டுக்குட் கொண்டு சென்ற பொருள்களின் பட்டியலை நொக்ஸ் தருகிறார்: பத்து நாளுக்குரிய அரிசியும் இறைச்சியும் மீனும், உப்பும் மிளகும், சோறு சமைக்க ஒரு பாத்திரம், நீர் மொள்ள இரண்டு சுரைக்குடுவைகள், மழைக்கு ஒதுங்கத் தாளிப்பனை ஓலை இரண்டு, ஒன்று பழுதாயின் மற்றொன்று உதவுமென ஒன்றுக்கு மேற்பட்ட தீமூட்டும் பெட்டிகள், முட்கள் தைக்காவண்ணம் காலணி செய்ய ஒரு மான்தோல். இறைவனுக்கு அடுத்தபடியாகத் தம் கால்களையே அவர்கள் நம்பியிருந்தமையால், அத்தோலுக்கு இப்பட்டியலில் இடங்கிடைத்தது. இதில் மிகையும் இல்லை, குறையும் இல்லை. எதை எடுத்துச் செல்வது என்பதற்கு மேலாக, எதற்காக எடுத்துச் செல்வது என்பதையும் இது உணர்த்துகின்றது.

இரண்டாவது சிறப்பு, நொக்ஸ் தம்மை வீரராகக் காட்டிக்கொள்ளாமையாகும். தாடியில் அழுக்குப் படியுமளவுக்குக் கலங்கிய நீரைக் குடித்ததையும் அதனாற் காய்ச்சல் கண்டதையும் மறைக்காது கூறுகிறார். ஊர் மக்களைக் கண்டு அஞ்சி, மரப்பொந்தொன்றினுள் சேற்றிலும் ஈரத்திலும் இருள் சூழும்வரை ஒடுங்கியிருந்ததையும் எழுதுகிறார். கெட்ட நீரின் தீங்குக்கு மாற்றாக, கஞ்சா இலையைக் கருப்பட்டியுடன் சேர்த்து உண்ணும் முறையை உள்ளூரிற் கற்றதையும் அவர் குறித்துள்ளார். அம்மருந்தின் பயன் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும், காட்டை அறிந்தவரிடம் கேட்டுக் கற்கும் மனப்பாங்கு எக்காலத்துக்கும் ஏற்புடையதே.

எனினும், வன்னியில் இருந்து இந்நூலை நோக்குமிடத்து ஒரு குறை புலனாகும். சிங்கள மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்து அவர்தம் மொழியைப் பேசிய நொக்ஸ், அவர்களின் வாழ்க்கையை நுணுகி எழுதினார். தமிழ் மக்கள் வாழும் நிலப்பகுதியை அடைந்ததும் அவரது பார்வை குறுகிவிடுகின்றது. கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் அடங்காத வன்னித் தலைவன் ஒருவனை அவர் குறிப்பிடுகிறார்; பனங்காமத்துக் கைலை வன்னியனே அவன் என்பர். ஆனால், அங்குள்ள மக்கள் அவர் கண்ணுக்குத் தம்மைப் பிடித்துக் கொடுக்கக்கூடியோராகவே தோன்றுகின்றனர். தப்பியோடுவோனின் அச்சம் இயல்பானதே. ஆயினும், மரத்தடியில் அரிசி சமைத்துக் கொண்டிருந்த பிராமணர் இருவரை எதிர்ப்பட்டபோது, அவர்கள் தம்மைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பதையும் நொக்ஸே பதிவு செய்துள்ளார். அவரது அச்சத்தை அவரது சான்றே ஓரளவு மறுக்கின்றது. காடு என்பது ஆளற்ற வெளி என எண்ணிப் புறப்படுவோர் இவ்விடத்தை இருமுறை படித்தல் வேண்டும். காட்டில் எதிர்ப்படும் மனிதன், பெரும்பாலும் அக்காட்டை நன்கறிந்த ஆசானாகவே இருப்பான்.

நூலிற் சொல்லப்படாத இன்னொன்றையும் இங்கு நினைத்தல் தகும். வன்னி மக்களுக்குக் காட்டில் உயிர் பிழைத்தல் பொழுதுபோக்காக இருந்ததில்லை. போர்க்காலத்தில் மரநிழலே பலருக்கு வீடாயிற்று. 2009 இல் இடம்பெயர்ந்து வந்தோருள் பெருந்தொகையினர், அதே அருவியாற்றை அண்டிய செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். அம்முகாம் 2012 இலேயே மூடப்பட்டது. நொக்ஸ் விடுதலை நாடிப் பின்பற்றிய ஆற்றின் அருகில், முந்நூற்று முப்பது ஆண்டுகளின் பின் மக்கள் முட்கம்பிக்குட் காத்திருந்தனர். அவர்கள் காட்டில் எதை உண்டனர், எங்கு நீர் கண்டனர், எவ்வாறு குழந்தைகளைக் காத்தனர் என்பன பெரும்பாலும் வாய்மொழியிலேயே தங்கியுள்ளன. நொக்ஸுக்கு அவர் குறிப்புகளை நூலாக்க றொபேட் ஹூக் என்னும் அறிஞர் துணை நின்றார். வன்னியின் முதியோருக்கு அத்தகைய துணை வேண்டும். அப்பணி பல்கலைக்கழக மாணவருக்கு உரியது.

ஆகவே, காட்டை நாடுவோர் யாவரும் நொக்ஸின் நான்காம் பகுதியைப் படித்தல் நன்று. ஆயினும், அதனைப் படித்த துணிவில் மட்டும் காட்டினுட் புகுதல் ஆகாது. மிதிவெடிகள் முற்றாக அகற்றப்படாத இடங்கள் வன்னியில் இன்றும் உள்ளன. எச்சரிக்கைப் பலகையை மீறி அடி வைத்தல் கூடாது. பாலைப்பழக் காலத்திற் கரடி எங்கு திரியும், எந்த மோட்டையில் நீர் வற்றாது என்பவற்றை ஊரவரே கூறவல்லர். பல ஆண்டுகள் கேட்டறிந்த பின்னரே நொக்ஸ் காட்டுக்குள் இறங்கினார். அவர் நூல் கற்பிக்கும் முதற்பாடம் அதுவே.