அங்கி மடிப்பின் அழகு

ஆப்கானிஸ்தானின் பாமியானில் மலையைக் குடைந்து நிறுத்திய 55 மீட்டர் புத்தரை 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு அதைக் கணினியில் முப்பரிமாணமாக மறுபடி எழுப்பியது, நின்று ரசிக்க வேண்டிய வேலை.

கைவசம் இருந்தவை பழைய படங்கள்தான். சுற்றுலாப் பயணிகள் எடுத்தவை, இணையத்தில் கிடைத்தவை, இவற்றோடு ஆஸ்திரியப் பேராசிரியர் கோஸ்ட்கா 1970-இல் நில அளவைக் கேமராவால் எடுத்து வைத்திருந்த படங்கள். ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து, அந்தக் கோணங்களிலிருந்து ஆழத்தைக் கணக்கிடுவதுதான் சூத்திரம்.

மொத்த உருவத்தைக் கணினி பிடித்துவிட்டது. திணறியது அங்கியின் மடிப்புகளில். சில சென்டிமீட்டர் அகலமே கொண்ட அந்த வரிகளை, இஸ்திரி போட்டதுபோல் தேய்த்துத் தட்டையாக்கிவிட்டது. பிறகு மனிதர்களே உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பையும் படத்தில் தொட்டுத் தொட்டு அளந்தார்கள். அதன் பிறகுதான் சிலையில் துணியின் நெளிவு தெரிந்தது.

சிலையின் முகம் வெடிவைப்பதற்கு வெகுகாலம் முன்பே சிதைந்திருந்தது. இல்லாத முகத்தைக் கற்பனையில் ஒட்டவைக்காமல், படத்தில் இருந்தபடியே விட்டார்கள். அந்த நிதானம்தான் இந்தக் கலைக்கு முதல் தகுதி.