கழற்றும்போது கருவி, மாட்டும்போது கை

கார் ஆயில் ஃபில்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிக்கூடு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகரம். இன்ஜினோடு சேரும் பக்கம் மட்டும் கனத்த இரும்புத் தட்டு, நடுத்துளையில் மரை, விளிம்பைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட். பலமெல்லாம் அடியில், நடுவிலும் நுனியிலும் வெறும் தகரம். எனவே எந்தக் கருவியானாலும், அதன் பிடி இந்த டப்பாவின் எந்த இடத்தில் விழுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியலால் அடித்து ஃபில்டரின் குறுக்கே இறக்கி நெம்பும் பழைய வழி ஒன்று உண்டு. அதை நான் ஒரு முறை செய்திருக்கிறேன். முந்தைய சர்வீஸில் யாரோ முரட்டுத்தனமாக முடுக்கிவிட்ட ஃபில்டர். காருக்கு அடியில் மல்லாந்து படுத்து நெம்பினேன். தகரம் துணிபோலக் கிழிந்தது, அடித்தட்டு அசையவே இல்லை. சூடான ஆயில் முழங்கை வரை வழிந்தது. கிழிந்த டப்பாவைப் பிடிக்க இனி எந்தக் கருவிக்கும் இடமில்லை. அடித்தட்டின் விளிம்பில் உளி வைத்துத் தட்டித் தட்டி நகர்த்துவதற்குள் அரை நாள் போய்விட்டது. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெல்ட் ஸ்பேனர் மலிவு, எந்த அளவுக்கும் பொருந்தும். ஆயில் பட்டால் நைலான் பட்டை வழுக்கும். இரும்புப் பட்டை வழுக்காது, ஆனால் டப்பாவின் நடுவில் போட்டால் நசுக்கிவிடும். அடித்தட்டை ஒட்டிப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு துண்டு உப்புத்தாள் வைத்தால் பிடி இன்னும் இறுகும். சிக்கல் என்னவென்றால், பல கார்களில் அங்கே கைப்பிடியைச் சுழற்ற இடம் இருக்காது. செயின் ஸ்பேனருக்கும் பிளையர் வகைக்கும் இதே குறைதான். லாரி ஃபில்டருக்கு அவை சரி.

மூன்று கால் ஸ்பேனருக்கு மேலிருந்து நுழைய வழி இருந்தால் போதும். ராட்செட்டில் மாட்டித் திருப்பினால் உள்ளே இருக்கும் பற்சக்கரம் கால்களை உள்நோக்கி இறுக்கும். எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு அழுத்தமாகக் கவ்வும். ஆனால் அந்த மூன்று இடங்களிலும் தகரம் குழிந்துவிடும். கழற்றி எறியப்போகும் ஃபில்டர் குழிந்தால் நட்டமில்லை. அதே கருவியால் புதிய ஃபில்டரை முடுக்குவதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது.

கப் ஸ்பேனர் இதற்கு நேர்மாறு. ஃபில்டரின் நுனியில் இருக்கும் பட்டைகளின் மேல் தொப்பிபோல உட்காரும். பல ஜப்பானிய கார்களின் ஃபில்டர்களுக்கு 64 அல்லது 65 மில்லிமீட்டர், 14 பட்டை. விசை 14 இடங்களில் பிரிந்து விழுவதால் தகரம் தாங்குகிறது. அளவு ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் பட்டைகள் மழுங்கிப்போகும். மெல்லிய தகட்டில் அடித்த கப் கொஞ்சம் பலம் கொடுத்தாலே விரிந்துகொடுக்கும், ஆகவே வார்ப்பு அலுமினியமே வாங்க வேண்டும். பலர் தவறவிடுவது இன்னொன்று: கம்பெனிக்குக் கம்பெனி பட்டைகளின் அளவு மாறும். கடையில் புதிய ஃபில்டரோடு பொருத்திப் பார்த்து வாங்கிய கப், இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டரில் உட்காராமல் போகலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் முறை, யார் எப்படி முடுக்கினார்கள் என்று தெரியாத ஃபில்டருக்கு மூன்று கால். அதற்குப் பிறகு ஒரே கம்பெனி ஃபில்டரையே போட்டு, அதற்குப் பொருந்தும் ஒரு கப். இரண்டுமே கழற்ற மட்டும்.

மாட்டுவதற்குக் கை போதும். பழைய கேஸ்கெட் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடிக்கும். ஒட்டும் முகத்தைத் துடைத்து, புதிய கேஸ்கெட்டில் விரலால் ஆயில் தடவ வேண்டும். உலர்ந்த ரப்பர் திருகும்போது மடங்கும், சூட்டில் இரும்போடு ஒட்டிப்போகும். அடுத்த முறை கழற்ற முடியாமல் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கேஸ்கெட் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று என்பதே பெரும்பாலான ஃபில்டர்களுக்குக் கணக்கு. டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. கை எட்டாத இடமானால் கப்பில் எக்ஸ்டென்ஷனை மட்டும் செருகி விரல்களால் திருப்பலாம், ராட்செட் வேண்டாம்.

இதற்கு ஒரே விலக்கு, பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும் வகை. டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்கள் பலவற்றில் இதுதான். இங்கே மூன்று கால் வைத்தால் மூடி விரிசல் விடும். சரியான கப் கட்டாயம். மூடி திரும்பத் திரும்பப் பயன்படுவது என்பதால் முடுக்கவும் கையை நம்பக் கூடாது, டார்க் ரெஞ்ச் வேண்டும். பல மூடிகளில் 25 நியூட்டன் மீட்டர் என்று மேலேயே எழுதியிருக்கும். ஓ-ரிங்கையும் ஒவ்வொரு முறையும் மாற்றியாக வேண்டும்.

உளி வைத்துத் தட்டிய அந்த நாளில், புதிய ஃபில்டரில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கேஸ்கெட் தொட்டதிலிருந்து அந்தக் கோடு முக்கால் வட்டம் வரும்வரை மட்டும் கையால் திருப்பினேன். இன்ஜினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவில்லை. அடுத்த முறை ஆயில் மாற்றியபோது கப்பை மாட்டி மணிக்கட்டைத் திருப்பியதுமே இளகிவிட்டது.